இடுப்பு உயரத்திலிருந்து

பள்ளியில் விளையாட்டுச் சாமான் அறையைத் திறந்ததும், ஈரம் காயாத பந்துகளின் வாடை என்னை ஃபேரர் பார்க்கின் பழைய திடலுக்கு இழுத்துக்கொண்டு போனது. அப்பா அங்கே கால்பந்து நடுவர். மழை விட்டதும், இரண்டு அணிகளும் ஓரத்தில் நின்று பார்க்க, காலுறையில் சேறு ஏற ஏறத் தனியாக நடுத்திடலுக்குப் போய், பந்தை இடுப்பு உயரத்திலிருந்து விடுவார். எழும்பினால் ஆட்டம், சேற்றில் ஒட்டிக்கொண்டால் எல்லாரும் வீட்டுக்கு.

ஒருமுறை, குவீன்ஸ்டவுனிலிருந்து வந்திருந்த பையன்களின் முகத்தைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் மேலேருந்து போடுங்கப்பா, பாவம் லா," என்றேன்.

"உயரத்த மாத்துனா அப்புறம் எதுக்கும்மா போட்டுப் பாக்கணும்?" என்றார். ஆனாலும் நான்கு இடங்களில் போட்டுப் பார்த்த பிறகுதான் கையை விரித்தார்.

இப்போது பள்ளியின் விளையாட்டுப் பொறுப்பு என்னிடம். காலையில் கைப்பேசியில் மழை என்று காட்டியது. அலைச்சல் மிச்சம் என்று, மாணவிகளின் கடைசி ஆட்டத்தை ரத்து செய்து செய்தி அனுப்பிவிட்டேன். பெய்தது பத்து நிமிடம்தான்.

ஆளில்லாத திடலில் இறங்கி, இடுப்பு உயரத்திலிருந்து பந்தை விட்டேன்.

நான்கு இடங்களிலும் எழும்பியது.