ஸ்பீக்கர் பெட்டிகளோடு தபால் கந்தோருக்குப் போன கதை

முதலில் நல்ல செய்திகளைச் சொல்லிவிடுகிறேன்...

மூத்த பேத்தி ஜெனிற்றா மிலானோவில் தாதியர் படிப்பு முடித்துவிட்டாள். நூற்றிப்பத்துப் புள்ளி! நூற்றுக்கு எப்படி நூற்றிப்பத்து என்று என்னைக் கேட்காதீர்கள், இத்தாலியில் அப்படித்தானாம். பேரன் டெனிசன் உதைபந்தாட்டத்தில் கோல் காப்பாளன். கடைக்குட்டி மெரில் மாதா கோவிலில் பூசை நேரம் தமிழிலும் இத்தாலியனிலும் வாசகம் வாசிக்கிறாள், ஒரு தட்டுத்தடுமாற்றம் இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு வேறென்ன வேண்டும்.

நேற்று டெனிசன் எங்கள் ரீவிக்குக் கீழே நீட்டுக்கு ஒரு சவுண்ட் பாரை வைத்தான். ஒரேயொரு வயர். சத்தம் வந்துவிட்டது.

"இவ்வளவுதானாடா?"

"இவ்வளவுதான் அம்மம்மா."

எனக்கு உடனே மூக்கில் தூசி மணந்தது...

சிரோக்கோ தூசி. ஆபிரிக்காப் பக்கமிருந்து வருகிற அந்தச் சூட்டுக்காற்று ஒருநாள் அடித்தால் வீடெல்லாம் செம்மண் படியும். நான் இத்தாலிக்கு வந்த முதல் வருஷம். சிசிலித் தீவில், பகேரியாவில் வயதான ஒரு சிஞோராவை, அதாவது ஒரு அம்மையாரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அவருக்குப் பார்வை மங்கல், ரீவியைக் கேட்க மட்டும்தான் முடியும். அதனால் தொரினோவில் இருக்கும் மகன் வந்து, அறையைச் சுற்றி ஐந்து ஸ்பீக்கர் பெட்டிகளும் நிலத்தில் ஒரு குண்டுப் பெட்டியும் பூட்டிவிட்டுப் போனார். உதைபந்தாட்டம் போட்டால் சனம் முதுகுக்குப் பின்னால் கத்தும். சிஞோரா கதிரையில் நிமிர்ந்து இருப்பார்.

காற்று அடங்கிய மறுநாள், பெட்டிகளை எல்லாம் கழற்றித் துடைத்துச் சாப்பாட்டு மேசையில் அடுக்கினேன். எந்த வயர் எதற்கு என்று... யோசிக்கவே இல்லை.

அந்த நேரம் பார்த்து மகனின் போன். சிஞோரா ஏதோ சொல்லிவிட்டு போனை என்னிடம் தந்தார். மகன் கடகடவென்று கதைத்ததில் எனக்குப் பிடிபட்டது மூன்றே சொல். காஸ்ஸே, அது ஸ்பீக்கர் பெட்டி. பிறகு அ போஸ்தோ. கடைசியில் மி ரக்கோமாந்தோ.

போஸ்தா எனக்கு வடிவாகத் தெரியும். தபால் கந்தோர். இந்த நாட்டில் இருப்பதற்கான பெர்மெஸ்ஸோவுக்கு விண்ணப்பம் கொடுத்ததே அங்கேதான். ரக்கோமாந்தாத்தாவும் தெரியும். பதிவுத் தபால்.

ஆக... பெட்டிகளைப் பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்கிறார்.

ஏன்? கழற்றிவிட்டேன் என்று கோபமோ? வேறு யாருக்காவது கொடுக்கவோ? கேட்க மொழி இல்லை. "ஸீ, ஸீ" என்று, ஓம் ஓம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சிஞோரா கண்ணயர்ந்ததும், குண்டுப் பெட்டியைச் சந்தைக்குக் கொண்டுபோகும் சில்லுவண்டிலில் ஏற்றி, மற்ற ஐந்தையும் இரண்டு பையில் போட்டு இழுத்துக்கொண்டு போனேன். நம்பர் துண்டு எடுத்துக் காத்திருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் விலாசம் கேட்டாள்.

"தொரினோ" என்றேன்.

"தொரினோ பெரிய ஊர், சிஞோரா!"

இதற்குள் அங்கே வீட்டில் சிஞோரா எழும்பி, மேசையைத் தடவிப் பார்த்து, பெட்டியும் இல்லை நானும் இல்லை என்று மகனுக்கு அறிவித்துவிட்டார். என் போன் அடித்தது, மகன்தான். தூத்தோ என்றால் எல்லாம் என்று எனக்குத் தெரியும்.

"காஸ்ஸே எங்கை? தூத்தோ அ போஸ்தோ?"

"ஸீ, ஸீ! தூத்தோ போஸ்தா!"

"அம்மா இல்லையெண்டு சொல்லுறா!"

"ஓம், வீட்டிலை இல்லை. போஸ்தா!"

அவருடைய குரல் மாறிவிட்டது. நடுவில் பொலிஸ் என்ற சொல் மட்டும் விளங்கியது. அந்தச் சொல் எல்லா மொழியிலும் ஒன்றுதானே... என் பெர்மெஸ்ஸோ அந்த வீட்டு வேலைக் கடிதத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. களவு என்று ஒரு பேச்சு விழுந்தால் வேலையும் இல்லை, நாடும் இல்லை. கண்ணாடி ஓட்டைக்குள்ளால் போனை அந்தப் பெண்ணிடம் நீட்டினேன்.

அவள் கேட்டாள். என்னைப் பார்த்தாள். பெட்டிகளைப் பார்த்தாள். பிறகு கண்ணால் தண்ணீர் வரச் சிரித்தாள். போனுக்குள்ளும் சிரிப்பு. வரிசையில் நின்ற சனமும் சிரிப்பு. நான் மட்டும் அழுதுகொண்டு நிற்கிறேன். சிரிக்கிறார்கள் என்றால் பொலிஸ் வராது... அதுமட்டும் விளங்கியது.

அன்று பின்னேரம், எனக்கு முன்பே இத்தாலிக்கு வந்துவிட்ட என் மகள்தான் விளங்கப்படுத்தினாள்.

"அம்மா, அ போஸ்தோ எண்டா இருந்த இடத்திலை வைக்கிறது! மி ரக்கோமாந்தோ எண்டா கவனம் எண்டு! நல்ல காலம், உங்களுக்கும் முத்திரை ஒட்டி அனுப்பேல்லை!"

ஆனால் அதற்கு முதல் பெட்டிகளைத் திரும்பப் பூட்ட வேண்டியிருந்ததே... மகன் போனில் சொன்னபடி சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று செருகி ரீவியைப் போட்டேன். சிஞோரா துள்ளி எழும்பினார்.

"ஞானா! எனக்குப் பின்னாலை ஆர் நிக்கிறது?"

செய்தி வாசிக்கிறவர் அவருடைய பிடரிக்குப் பின்னால் நின்று வாசித்தார்! ஒன்றை மாற்றினால் இன்னொன்று பிழைத்தது. கடைசியில் சிஞோராவே தன் காதைத் தொட்டுத் தொட்டு, "இது இந்தக் காது... அது பின்னுக்கு..." என்று சொல்லச் சொல்ல, நான் நிலத்தில் இருந்து வயர்களை மாற்றினேன். பார்வை மங்கினவர் வழிகாட்ட, பாஷை தெரியாதவள் பூட்டிய ரீவி அது.

இப்போது சிஞோராவும் இல்லை. இந்த சவுண்ட் பாருக்கு முன்னும் பின்னும் கிடையாது, பிழை விடவும் வழி இல்லை, பக்கத்தில் ஒரு ஆளும் தேவையில்லை. நல்லதுதான்... என்றாலும் அன்றைக்குச் சத்தம் சரிவந்தபோது சிஞோரா என் கையைப் பிடித்த மாதிரி நேற்று ஒருவரும் பிடிக்கவில்லை.

எனக்கு இத்தாலியன் நன்றாக ஓடும் இப்போது. ஆனால் யாராவது "தூத்தோ அ போஸ்தோ?" என்று, அதாவது எல்லாம் ஒழுங்கோ என்று, சுகம் கேட்டால், இன்றைக்கும் பதில் ஒரு நொடி பிந்தும்.

ஜெனிற்றா, நீயும் கிழமைக்கொருக்கா "அம்மம்மா, தூத்தோ அ போஸ்தோ" எண்டு அந்தச் சொல்லைத்தான் எழுதி அனுப்புறாய். எனக்கு அதிலை அவ்வளவு நம்பிக்கை இல்லை, பிள்ளை. மெலிஞ்சிருக்கிறியோ, சாப்பிடுறியோ... என்ரை கண்ணாலை பாத்தால்தான் விளங்கும். பாஸ்காத் திருநாளுக்குப் போட்ட படம் பழசாப் போச்சு. தாதி உடுப்போடை புதுசா ஒரு படம் எடுத்து இந்தப் பதிவுக்குக் கீழை போடு.