மாசாணியம்மாள் புதினாவை அடக்கிய கதை

மாசாணியம்மாள் கருமத்தம்பட்டியில் ஒரு தறிக்குடோனில் நூலைத் தார்க்குச்சியில் சுற்றுகிற வேலை பார்க்கிறாள். கணவர் போய் ஒன்பது வருடம், மகள் ஓசூரில். வாடகைக்கு இருந்த வீடுகள் இதுவரை நான்கு. வீடு மாறும்போதெல்லாம் ஆட்டோவில் முதலில் ஏறியது அவளுடைய ஆறு மண்தொட்டிகள்தான்: புதினா, துளசி, கற்பூரவல்லி, மருக்கொழுந்து, வல்லாரை, தூதுவளை. நாளெல்லாம் தறிச் சத்தத்தில் காது அடைத்து வருகிறவளுக்குத் தன் இஷ்டப்படி நடக்கிற இடம் அந்தத் தொட்டிகள் ஒன்றுதான். அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

ஆனால் புதினா யார் இஷ்டத்துக்கு நடந்திருக்கிறது? தொட்டியின் அடி ஓட்டை வழியாக வெளியே வந்து, ஈரம் பார்த்து ஊர்ந்து, மொட்டை மாடியில் ஒட்டிய கூலிங் டைல்ஸ் இடுக்கில் வேர் விட்டுவிட்டது. தண்ணீர்த் தொட்டி கழுவ வந்த வீட்டுக்காரர் லட்சுமணசாமி அதைப் பார்த்துவிட்டார்.

"அம்மணி, போன வருசந்தானுங்க டைல்ஸ் ஒட்டுனேன். இன்னொருக்கா வெளிய ஓடுச்சுன்னா தொட்டியெல்லாம் கீழ எறக்கிப்போடுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

இந்தப் பக்கம் சத்தம் போடுகிறவரைச் சமாதானம் செய்துவிடலாம். தப்பா நினைக்காதீங்க என்கிறவர் மட்டும் சொன்ன சொல்லிலிருந்து இம்மியும் நகர மாட்டார். கீழே அவர் காரும், அவர் மனைவி பழனாத்தாளின் ஒற்றை ரோஜாத் தொட்டியும் போக இடமே கிடையாது. இறக்குவது என்றால் யாருக்காவது கொடுத்துவிடுவது என்றுதான் அர்த்தம்.

"ஒண்ணு கூடக் கீழ போகாது" என்று மாசாணியம்மாள் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே புதினாத் தொட்டியைக் கவிழ்த்தாள். தாரில் சுற்றிய நூல் மாதிரி வெள்ளைத் தண்டுகள் மண்ணைச் சுற்றி வளைத்திருந்தன. பாதியை வெட்டி எடுத்துவிட்டு மீதியைத் திரும்ப நட்டாள். தொட்டிகளைச் செங்கல் மேல் ஏற்றினாள். விளிம்பைத் தாண்டுகிற தண்டைத் தினமும் உள்ளே மடக்கிவிட்டாள், மடங்காததை நறுக்கினாள்.

இதுவரை சரி. ஆனால் விவசாயக் குடும்பத்தில் பிறந்த கை, பிடுங்கிய பச்சையைக் குப்பையில் போடச் சம்மதிக்குமா? களையை அந்த மண்ணுக்கே மூடாக்காகப் போடுவதுதான் அவளுக்குத் தெரிந்த வழக்கம். வெட்டிய தண்டையெல்லாம் பொடிப்பொடியாக நறுக்கி மற்ற ஐந்து தொட்டிகளிலும் பரப்பிவிட்டாள்.

இருபதே நாள். ஒவ்வொரு கணுவும் வேர் பிடித்து, ஆறு தொட்டியும் புதினாத் தொட்டியாகிவிட்டது. வினையை அவளே உட்கார்ந்து நறுக்கித் தூவியிருக்கிறாள்! அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. வீட்டுக்காரர் மறுபடி தண்ணீர்த் தொட்டி கழுவ வர எட்டு நாள்தான் இருந்தது.

வேலை விட்டு வந்ததும் தினம் ஒரு தொட்டி என்று கணக்கு வைத்தாள். செடியை மண்ணோடு பேசினில் கவிழ்ப்பாள், வேரைக் குழாயடியில் அலசுவாள், வெள்ளைத் தண்டை நுனிவரை தேடி எடுப்பாள். வல்லாரைதான் உயிரை வாங்கியது. அதுவும் படர்கிற சாதி, இரண்டும் பின்னிக் கிடந்தன. புதினாத் தண்டு நாலு பட்டை, வல்லாரை உருண்டை. அறுந்த நூலைக் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கிற விரல்கள் அதைத் தடவியே பிரித்தன. எடுத்ததையெல்லாம் தகரத்தில் போட்டு, ஒடித்தால் சடக்கென்று முறிகிறவரை வெயிலில் காய வைத்தாள். காய்ந்ததைத்தான் தொட்டிகளில் பரப்பினாள்; மூடாக்கு போடுவதை மட்டும் அவள் விடவில்லை.

மருக்கொழுந்து பிழைக்கவில்லை. அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் அதே தொட்டியில் விதை தூவினாள்.

ஞாயிற்றுக்கிழமை லட்சுமணசாமி வந்தார். ஒவ்வொரு செங்கல்லுக்கும் அடியில் குனிந்து பார்த்தார். ஒரு தண்டு இல்லை. ஆனாலும் மனிதர் கீழே இறங்கவில்லை, பிடரியைத் தடவிக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க அம்மணி, நம்மூட்டு ரோஜாத் தொட்டியிலயும் புதினா வந்துபோச்சுங்க."

மாசாணியம்மாள் சட்னிக்கென்று கொடுத்த புதினாக் கட்டிலிருந்து இலையைக் கிள்ளிக்கொண்டு, காம்பை வீணாக்க மனசில்லாமல் ரோஜாவின் காலடியில் செருகியிருக்கிறார் பழனாத்தாள்.

"ரோஜா மொட்டே வெக்கறதில்லீங்க. அத எப்படீங்க எடுக்கறது?"

 பேசினையும் கத்தரியையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். கார் பக்கத்தில் குந்தி, ஒரு மணி நேரம் தடவித் தடவி எடுத்தாள். பிறகு முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"ஆச்சுங்ணா. இன்னொருக்கா ஓடுச்சுன்னா ரோஜாத் தொட்டிய மேல ஏத்திப்போடுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."