மலையேற்றும் அடி

சுங்கைப் பட்டாணி சமூக மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு உறுமி சொல்லித்தருகிறார்கள். மகளை அழைத்துவரப் போயிருந்தேன். வளைந்த குச்சி தோலில் உரசி எழுந்த முனகல், என்னைச் சிறுவயதில் வாழ்ந்த சுங்கை லாலாங் ரப்பர் தோட்டத்து முனியாண்டி கோயில் முன் கொண்டுபோய் நிறுத்தியது.

அங்கே சாமியை வரவழைக்க ஓர் அடி, மலையேற்றி அனுப்ப வேறோர் அடி. முதலாவதை அடித்தவர்கள் இரண்டாவதை அடிக்காமல் உறுமியைக் கீழே வைக்கமாட்டார்கள். ஒரு திருவிழாவில் மட்டும் திடீரென்று மழை கொட்டியது. தோல் நனைந்துவிடுமே என்று உறுமிக்காரர்கள் ரப்பர் பால் நிறுக்கும் பால் கொட்டாய்க்கு ஓடிவிட்டார்கள். சாமி வந்து ஆடிக்கொண்டிருந்த என் அத்தை மழையிலேயே நின்றாள். தலையை இடப்பக்கம் சாய்த்து, ஆண்குரலில் கேட்டாள்: "ஏன்டா பாதியில விட்டீங்க?"

மறுநாளே பால்மரம் சீவப் போனாள், சோறு பொங்கினாள். ஆனால் சாய்ந்த தலை கடைசிவரை நிமிரவில்லை. எந்த வெயிலிலும் அவள் முந்தானை ஈரமாகவே இருக்கும்.

மண்டபத்தில் சாமியை வரவழைக்கும் அடியோடு உறுமி சட்டென்று நின்றது.

"மலையேத்துற அடி அடிக்கலியா தம்பி?" என்று கேட்டேன்.

கூலிம் தொழிற்சாலையில் வேலை செய்யும் அந்தப் பயிற்றுநர் சிரித்தார். "அதெல்லாம் கோயில்லதான்க்கா. இது மேடைக்குத்தானே லா. அடுத்து சிலாட் கிளாஸ் பசங்க வெயிட் பண்றாங்க."

பிள்ளைகள் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார்கள். என் மகள் மட்டும் நடுவில் நின்றாள். அத்தையை அவள் பார்த்ததே இல்லை. அவள் தலை மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது.

"வாம்மா, காடி வெளிய நிக்குது, ஏறிக்கலாம்" என்று தோளைத் தொட்டேன். வெளியே கொளுத்தும் வெயில். அவள் சட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"ஏன்டா பாதியில விட்டீங்க?" என்றாள்.