கெட்டலையை மொட்டையடித்த செல்வராணி

செய்தி வந்தபோது தெரணியகலைக்குப் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். ஆற்று வேலையில் எங்களுக்கு லொறி ஓட்டிய சுனில் போனில் பேசினான். சிங்களத்தில் தொடங்கிப் பாதியில் தமிழுக்கு மாறினான். "டீச்சர், செல்வராணி அக்கா போயிட்டாங்க. தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு இருந்தவங்க அப்பிடியே சாஞ்சிட்டாங்களாம்." பிறகு அழுதான். அக்காவிடம் ஏச்சு வாங்காத நாளே அவனுக்கு இருந்ததில்லை.

அவரோடு ஆற்றில் இறங்கியவர்களுக்கு அவர் வாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இரங்கல் கூட்டத்தில் ஒருவர் "சாந்தமானவர்" என்றதும் நம்மவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அழுகையை மறைக்க அல்ல.

செடிகளைப் பாதுகாக்கும் சங்கமொன்றில் அவர் களப் பொறுப்பாளர். நான் விஞ்ஞானம் படிப்பிப்பவள். பள்ளி விடுமுறையில் உதவிக்குப் போனேன். அணை கட்டுவதற்காக ஆற்றுப் பாறைகளைத் தகர்க்கவிருந்தார்கள். அந்தப் பாறை வெடிப்புகளில், வேகத் தண்ணீருக்குள், கெட்டலை என்ற செடி வளர்ந்திருந்தது. அந்த வகையை வேறெந்த ஆற்றிலும் நாங்கள் பார்த்ததில்லை. அதைப் பெயர்த்து, ரப்பர் தோட்டத்துக்கு அப்பால் ஓடும் ஓடையில் நடுவதுதான் வேலை.

கடப்பாரை போன்ற அலவாங்கால் பாறையை நெம்பிச் செடியைப் பிடுங்குவார். கத்தியை எடுத்து, பளபளவென்றிருக்கும் இலைகள் முழுவதையும் அறுத்து எறிவார். முதல் நாள் பொறுக்காமல் கேட்டேன்.

"என்ன அக்கா, மொட்டையடிச்சிட்டீங்க?"

"பிடுங்கினா இந்த எல அழுகத்தான் செய்யும், டீச்சர். அழுகுறது சும்மா போகாது, கெழங்கையும் தின்னுட்டுத்தான் போகும்." பிறகு என் பின்னலைப் பார்த்தார். "ஒங்களுக்கும் வெட்டணுமா?"

கடைசியில் நடு ஆற்றுப் பாறை மட்டும் மிஞ்சியது. செடிகள் அடர்ந்திருந்தது அதில்தான். அணை இன்ஜினியர் வெடி வைக்குமுன் இன்னும் ஒரு நாள் தர இணங்கினார். அங்கிருந்த சுப்பவைசருக்கு அது பிடிக்கவில்லை. "இந்தப் புல்லுக்கு ஒரு நாளா?" என்று சிங்களத்தில் கேட்டுவிட்டு, கிழங்குகள் இருந்த பிளாஸ்டிக் பேசினைக் காலால் எத்தினார். எல்லாம் ஆற்றோடு போயின.

அக்காவின் கையில் அலவாங்கு இருந்தது. அது சுப்பவைசரின் தோளில் விழுந்தது. ஆற்று இரைச்சலையும் மீறி எலும்பு முறியும் சத்தம் கேட்டது. கீழே கிடந்தவர்மீது மறுபடியும் ஓங்கியபோது சுனில் அக்காவை இடுப்போடு சேர்த்துப் பிடித்துத் தூக்கினான். "விடுடா, மூதேவி" என்று அவன் கையைக் கடித்தார். இரத்தம் வடிந்தும் அவன் விடவில்லை.

தருவதாக இருந்த ஒரு நாள் அதோடு போயிற்று. ஆற்றுக்குள் இறங்கும் அனுமதியும் போயிற்று.

பொலிஸிலிருந்து அவர் பிணையில் வந்த அன்று வெடி வைத்தார்கள். பாலத்தில் நின்று பார்த்தோம். பாறை ஒருமுறை விம்மி, துண்டு துண்டாக மேலே போனது. தோட்டத் தொழிலாளர் லயத்துக் கூரைகளில் கல் விழுந்தது. கிழிந்த இலைகள் சேற்றோடு பறந்து வந்து எங்கள் முகத்தில் ஒட்டின.

"வெடி வச்சது நான்தான், டீச்சர்" என்றார் அக்கா.

ஆறுதலாக ஏதோ சொல்லப் போனேன்.

"பேசாதீங்க. அறைஞ்சிருவேன்."

முன்பே ஓடையில் நட்டவை வெகுநாள் செத்த கட்டைகள்போலக் கிடந்தன. பிறகு ஒரு மழைக்காலத்தில் சுருண்ட இலைகள் எழும்பின. அணை கட்டியவர்கள் உடனே அங்கே மூன்று மொழியில் ஒரு பலகை நட்டார்கள்: ஆற்றிலிருந்த எல்லாச் செடிகளும் காப்பாற்றப்பட்டன.

அக்கா அதை வாசித்தார். ஓடையிலிருந்து ஒரு கல்லை எடுத்து, "எல்லா" என்பதைச் சுரண்டத் தொடங்கினார். தமிழில் முடித்துச் சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் போனார். விரல் முட்டிகள் உரிந்துவிட்டன.

காவல்காரர் ஓடி வந்தார். "போர்ட்ட ஒடைக்காதீங்க."

"ஒடைக்கலப்பா, திருத்துறேன்."

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தத் திருத்தத்தைத்தான். அவர் காப்பாற்றிய செடிகள் ஓடையில் இருக்கின்றன. அவர் கோபத்தால் போன செடிகள் எங்கும் இல்லை. அந்தச் சுப்பவைசரால் இன்றும் வலக்கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாது. இறந்தவரைப் பற்றி எழுதும்போது அதை விட்டுவிடலாமே என்று சிலர் சொன்னார்கள். விட்டால், செல்வராணி அக்கா கல்லோடு வந்து நிற்பார்.