டீச்சர், என்ட மகனைக் கீறித் தாங்க

மனசு நொந்தவர்களைப் படம் கீறவைத்துத் தேற்றுகிற வேலை என்னுடையது, அதைச் சொன்னவுடன் பாதிப் பேர், "அப்ப கலியாணப் பந்தலுக்குப் பேர் எழுதித் தருவீங்களா?" என்று கேட்பார்கள். பெஸ்டல் பெட்டியும் கடுதாசிக் கட்டுமாக பஸ் ஏறி இறங்கி இடுப்பொடிந்த என் இனத்தாரே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் தொழிலில் ஒரு கட்டளை உண்டு: வந்தவருக்காக நாங்கள் கீறக்கூடாது, அவருடைய கைதான் கீறவேண்டும். பயிற்சியில் இதை நூறு தரம் சொல்லித் தந்தார்கள். நானும் பெரிய இறுமாப்போடு அதைக் காப்பாற்றி வந்தவள். ஒரு தாய்க்காக அதை உடைத்தேன். உடைத்ததில் எனக்கு இன்றுவரை வெட்கமில்லை.

வாகரையில் மலை

சுனாமிக்குப் பிறகு வாகரையில் ஒரு முகாம். தறப்பாள் கொட்டிலுக்குள் பெண்களைப் பாயில் இருத்தி, "மனசில இருக்கிறதைக் கீறுங்க" என்றேன். அரை மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் எல்லாக் கடுதாசியிலும் ஒரே படம்! இரண்டு மலை, நடுவில் சூரியன், அடிவாரத்தில் ஒரு வீடு. பள்ளிக்கூடத்தில் சித்திரப் பாடத்துக்கு நாமெல்லாரும் கீறித் தொலைத்த அதே மலைதான். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "வாகரையில எங்க மலை இருக்கு? கண்ணால கண்டதைக் கீறமாட்டீங்களா?" என்று சத்தம் போட்டேன். தேற்ற வந்தவள் சத்தம் போடலாமா என்று கேட்காதீர்கள். எனக்கு வாய் முந்தும், புத்தி பிந்தும்.

யாரும் கோபிக்கவில்லை. முன்னால் இருந்த ஒரு நடுவயதுக்காரி தன் மலைக்கு இன்னும் கொஞ்சம் பச்சை பூசிக்கொண்டே சொன்னா: "தண்ணி ஏறாத இடத்தில ஒரு வீடு வேணும் டீச்சர், படத்திலயாவது."

கையைக் கட்டிக்கொண்டு இருந்தவ

அதே கொட்டிலுக்கு பாக்கியம் அக்கா என்று ஒருவர் வருவா. புருசனையும் வீட்டையும் கடல் கொண்டுபோய்விட்டது. பதின்மூன்று வயது மகன் சுதன் மட்டும் மிஞ்சியிருந்தான். கிழமை தவறாமல் எல்லாருக்கும் முதல் வந்து இருப்பா. பென்சிலை மட்டும் தொடமாட்டா. கெஞ்சிப் பார்த்தேன், பகிடி விட்டுப் பார்த்தேன், முறைத்தும் பார்த்தேன். ம்ஹூம். கட்டின கையை அவிழ்க்கவேயில்லை. நானும் என் கொப்பியில் "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதி, அடியில் கோடும் போட்டுவிட்டேன்.

முகாமில் எனக்குக் கடைசி நாள். பொறுக்கமாட்டாமல் நேராகவே கேட்டேன், "ஏனக்கா, என்னில ஏதும் கோவமா?" அவ சிரித்தா. பிறகு மெல்லச் சொன்னா: "வீட்டில கிடந்த போட்டோ அம்புட்டும் கடலோட போயிட்டு. இப்ப கண்ணை மூடினா அவர்ர முகம் தெளிவா வருது. நான் பிழையாக் கீறிவெச்சா, மறுகா அந்தப் பிழைதான் கண்ணுக்குள்ள நிக்கும் டீச்சர்."

கரடியனாற்றில் என் ஆராய்ச்சி

சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிப்போய்த் திரும்பி வந்த விவசாயிகளைப் பார்க்க, பிறகு கரடியனாற்றுக்குப் போனேன். ஒரு பெரியவர் மூன்று கிழமையாக ஒரே படம் கீறினார். கடுதாசி முழுக்கக் கறுப்பு, பொதுபொதுவென்று ஒரு பெரிய கறுப்பு. விடுவேனா? அடக்கிவைத்த பயம், உருவமில்லாத இருள், சொல்லமுடியாத இழப்பு என்று இரண்டு பக்கம் எழுதித் தள்ளினேன். எழுதினதை எனக்கே நாலு தரம் வாசித்துக் காட்டி மகிழ்ந்தேன்.

நாலாம் கிழமை அவர் பக்கத்தில் இருந்து, குரலைத் தாழ்த்தி, "ஐயா, இந்த இருட்டைப் பற்றிக் கொஞ்சம் கதைப்பமா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்: "இது ஆனை டீச்சர். எங்கட வயல் வட்டைக்குள்ள இறங்கிக் கதிர் முழுக்கத் திண்டுபோட்டுப் போயிட்டு. வெடி வாங்கித் தர உங்களுக்கு ஆரையும் தெரியுமா?"

படிவத்தில் ஒட்ட ஒரு முகம்

சண்டை முடிந்த பிறகு ஒருநாள், செங்கலடியில் நான் இருந்த அறைக்கு பாக்கியம் அக்கா வந்தா. கையில் ஒரு படிவம். வாகரையிலிருந்து இடம்பெயர்ந்திருந்த நேரத்தில், அடையாள அட்டைக்குப் படம் பிடிக்கிற வயது வருமுன்னே, ஆயுதத்தோடு வந்தவர்கள் சுதனைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. காணாமல் போனவர்களைப் பதியவேண்டுமென்றால் படிவத்தில் ஒரு படம் ஒட்டவேண்டுமாம். அவவிடம் மகனுடைய படம் ஒன்றுகூட இல்லை. "படமில்லாட்டி எடுக்கமாட்டாங்களாம். நீங்க படம் கீறுற டீச்சர்தானே, என்ட மகனைக் கீறித் தாங்க" என்றா.

கட்டளையாவது மண்ணாவது! பென்சிலை எடுத்தேன். மூக்கு கொஞ்சம் அகலம் என்றா, அகலமாக்கினேன். காது தலையோடு ஒட்டினாப்போல என்றா, ஒட்டினேன். நாலு கடுதாசி கிழிந்தது. ஐந்தாவதில் எல்லாம் சரி. ஆனாலும் தலையை ஆட்டினா. "எல்லாம் அவனைப் போலதான் இரிக்கி. ஆனா அவனில்ல." காணாமல் போன பிள்ளைக்குச் சோக முகம்தான் என்று என் கை தானாகவே முடிவுகட்டி, உதட்டை இறுக்கி மூடியிருந்தது. அந்த ஆனைக்குப் பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை, பாருங்கள்.

அவ என் கையிலிருந்த பென்சிலை வாங்கினா. உதட்டை அழித்து, வாயைத் திறந்து, ஒரு பல்லின்மேல் ஏறி நின்ற தெத்துப்பல்லைக் கீறினா. அந்தப் பொடியன் அப்படியே சிரித்தான். நான் வாய்விட்டு அழுதேன். திருத்தக் கை நீட்டிய என்னை அவ தடுத்துச் சொன்னா: "வந்திட்டான் டீச்சர். இனி நீங்க கையை வெக்காதீங்க."

அலுவலகத்தில்

படிவம் வாங்கின உத்தியோகத்தர் கெட்டவர் இல்லை, சட்டத்துக்குப் பயந்தவர். கீறின படத்தையும் எடுக்கலாம் என்றார். ஆனால் சிரிக்கிற முகம் சரிவராதாம், வாய் மூடியிருக்க வேண்டுமாம். "இன்னொண்டு கீறிக்கொண்டு வாங்கம்மா" என்றார். எனக்கு ஏச்சு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பாக்கியம் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திவிட்டு, தானே கதைத்தா. அதைக் கேட்ட மனுசன் படத்தை ஒட்டி முத்திரை குத்தினார். சுதன் இன்றைக்கும் வரவில்லை. ஆனால் அவனுடைய கோப்பில் அவன் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறான். அவ சொன்னது இதுதான்: "மூடின வாயோட ஆயிரம் புள்ளையள் இருப்பாங்க தம்பி. என்ட மகன் சிரிச்சாத்தான் அவனெண்டு தெரியும். அந்தச் சிரிக்கிறவனைத் தேடச் சொல்லித்தான் நான் வந்திருக்கன்."

இத்தனை வருசத்தில் இந்தத் தொழிலில் நான் படித்தது, பென்சிலை மற்றவர் கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டும் என்பது ஒன்றுதான். அதில் முதல் பாதி எனக்கு நன்றாகவே வருகிறது.