கபன் துணிக்கு யாருடைய முழம்?

எங்கள் ஊர்த் துணிக்கடைக்காரர் மீட்டர் கம்பியை மேசையில் தட்டித்தான் பேச்சையே தொடங்குவார். ரங்கூனில், பபேடான் கடைத்தெருவின் துணிக்கடைக்காரர் கோ ரஹீம் தன் கையையே நீட்டிவிடுகிறார். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை ஒரு முழம். இங்கே அதற்குத் தௌங் என்று பேர், ஐயாவுக்கு ஸயா என்பதுபோல. கை குட்டை. வெற்றிலைச் சாறு காயாத அந்த விரலை நாக்கில் தொட்டுத்தான் துணி மடிப்பைப் பிரிப்பார். அவர் தொட்ட ஓரத்தை நான் தொடமாட்டேன்.

அந்தக் கடைக்கு என்னை முதலில் இழுத்துப்போனவர் தாகேதா பேட்டையிலிருந்த ஹமீது மாமா, ஒரு காலத்தில் கப்பல் சமையல்காரர். சோமாலியாவின் பெர்பெரா துறைமுகத்திலும் மீட்டர் வருமுன் இதே கதைதானாம். முழத்துக்கு அங்கே துதுன் என்று பேர். துணி வாங்கப் போகிறவர்கள் வீட்டிலேயே நெட்டையானவனைக் கூட்டிப்போய், அவன் கையால் அளக்கச் சொல்வார்களாம். ஆறடிக்கு மேல் வளர்ந்த என்னை மாமா விட்டுவைப்பாரா? "கைய மட்டும் கொண்டா வாப்பா, மூளைய வூட்லயே வெச்சிட்டு வா," என்பார். பி.காம். பட்டத்துக்குப் பிழைக்க வந்த இந்த நாட்டில் கிடைக்காத மரியாதை என் முழங்கைக்குக் கிடைத்தது.

போன மழைக்காலத்தில் மாமா மௌத்தானார். அவர் உடலைச் சுற்றக் கபன் துணி வாங்க என்னை அனுப்பினார்கள். கோ ரஹீம் அதே விரலால் வெள்ளைத் துணியைப் பிரித்து, அதே குட்டைக் கையால் அளக்க ஆரம்பித்தார். ஓரத்தில் சிவப்புக் கறை. இந்த முழத்தில் மாமாவின் கால் மூடாது என்று எனக்குப் பதைத்தது.

"என் கையால அளங்க."

"மையத்துக்கு என்னா ஸயா? கொறஞ்சா எழுந்து வந்து கேக்கப் போறாரா?"

கேட்டதும் அவர் விரலைவிட வாய்தான் அசிங்கம் என்று தெரிந்தது. துணியின் நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

"அவர் கேக்கத்தான் என்னை அனுப்பியிருக்காருன்னு வெச்சுக்கங்க. அந்தக் கறையையும் வெட்டிப் போடுங்க."

"உங்க கையால அளந்தா நான் கடைய மூடணும்," என்று முனகியபடியே என் கையை வைத்து அளந்தார். மாமாவைத் தலைமுதல் கால்வரை சுற்றி, இரு பக்கமும் முடிச்சுப் போட்டும் துணி மிஞ்சியது.

அன்று துணியை மடித்துக் கொடுக்கும்போது கோ ரஹீம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஸயாவோட கபனுக்கு நெறைய ஆகும். இங்கயா, ஊர்லயா?"

"எங்க மலிவோ அங்க," என்றேன்.

ரங்கூன் தாமுவேயில் என் வாடகை அறையில் படுத்துக்கொண்டு யோசிக்கிறேன். ஊரில் மீட்டர் கம்பி இருக்கிறது, அது யாருக்கும் குறையாது. இங்கே என் கை இருக்கிறது, ஆனால் நான் மௌத்தாகும் அன்றைக்கு மட்டும் என்னால் அதை நீட்ட முடியாது. மிஞ்சுவது அந்த எச்சில் விரல்தான். போர்வையை இழுத்துவிடுகிறேன். கோ ரஹீம் கடையில் நான் தனியாகப் போய் வாங்கியது, எனக்காகக் கேட்க ஆளில்லாமல் அவர் கையாலேயே அளந்தது. தலையை மூடினால் கால் இரண்டும் வெளியே நிற்கின்றன, ஊர்ப் பக்கம் பார்த்தபடி.