அண்ணா பாடி முடிக்காத பாதி

மாண்ட்ரியால் மலைமேல் இருந்த தகன மண்டபத்திலிருந்து நான் இறங்கி நடந்துகொண்டிருந்தபோது வேட்டிக் கரை முழுவதும் பனிச்சேறு. மேலே அண்ணாவின் ஓவர்கோட்டு, காலில் அவருடைய பூட்ஸ். உறவினர்களின் கார்கள் என்னைக் கடந்து ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் இருந்த அண்ணாவின் வீட்டை நோக்கிப் போயின. ஒரு கார் நின்றது. "குளிக்காம எங்கடா போற? ஏறுடா" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். நான் ஏறவில்லை. கொள்ளி வைத்தவன் வீட்டுக்கு வராமல் எங்கே போனான் என்று இந்த ஒரு வருஷமாக உங்களில் பலர் கேட்டுவிட்டீர்கள். நினைவு மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று அண்ணி சொன்னதால் அதையே எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் எழுத்து. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

அண்ணா பிறந்தது விழுப்புரம் ரயில்வே குடியிருப்பில். அப்பா தண்டவாளத்தை மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். இரண்டு சரக்குப் பெட்டிகளுக்கு நடுவே நசுங்கி இறந்தார். அண்ணாவுக்கு அப்போது பதினாறு வயது. டியூஷன் எடுத்து எனக்கும் சோறு போட்டார், தானும் பொறியியல் படித்தார். நான் இரண்டு தடவை வீட்டை விட்டு ஓடினேன். இரண்டு தடவையும் தேடி வந்து கூட்டிக்கொண்டு போனார், அடிக்கவில்லை. மூன்றாம் தடவை நான் ஓடியபோது அவர் மேல்படிப்புக்கு அமெரிக்கா போய்விட்டிருந்தார்.

அவர் போனது தெற்கே ஒரு மாநிலம். நிறத்தைப் பார்த்து ஐந்து வீடுகளில் அறை இல்லை என்றார்கள். மர ஆலையில் வேலை பார்த்த ஒரு வயதான தம்பதி இடம் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் போன, பலகையால் கட்டிய தேவாலயத்துக்கு அண்ணாவும் போனார். "அந்த ஊர்ல கருப்பர்களுக்கு எல்லாத்துக்கும் தனி வாசல்டா. என்னை எந்த வாசல்ல விடறதுன்னு அவங்களுக்கே தெரியலை. அந்தக் குழப்பத்துல உள்ள போயிட்டேன்" என்று சொல்லிச் சிரிப்பார்.

அங்கே அவர் கற்ற பாட்டு முறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்களுக்காக, ஊர் ஊராக நடந்து போன பாட்டு வாத்தியார்கள் பழைய நாளில் பரப்பியது அது. பட்டணத்துக்காரர்கள் கேலி செய்து விட்டுவிட்டார்கள், மலைக்காடுகளில் தங்கிவிட்டது. ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு வடிவம்: முக்கோணம், வட்டம், சதுரம், சீட்டுக்கட்டு டைமன். வடிவத்தைப் பார்த்தால் சுரம் தெரியும். நம் ஊரில் கீதம் கற்கும்போது சுரத்தைப் பாடிவிட்டு சாகித்யத்துக்குப் போவது போல, முதலில் ஃபா, சோல், லா, மி என்று வடிவங்களின் பெயரைப் பாடுவார்கள், பிறகுதான் வார்த்தைகள். உச்சக் குரல் முதல் கட்டைக் குரல் வரை நான்கு வகைக் குரல்காரர்களும் நான்கு பக்கமும் உள்நோக்கி உட்காருவார்கள். நடுவில் காலி இடம். யார் பாட்டை நடத்துகிறாரோ அவர் அங்கே நின்று கையை மேலும் கீழும் அசைப்பார். கேட்பதற்கென்று யாரும் கிடையாது. வந்தவரெல்லாம் பாட வேண்டும். யாராவது இறந்துபோனால் அவர் பெயரைச் சொல்லிவிட்டு, அவருக்காக ஒருவர் நடுவில் நின்று ஒரு பாட்டை நடத்துவார்.

அறுபதுகளின் கடைசியில் அண்ணா மாண்ட்ரியாலில் வேலைக்குச் சேர்ந்தார். பிரெஞ்சு வராததால் கடைசிவரை பதவி உயர்வும் வரவில்லை. கப்பல் சமையலறையில் எடுபிடியாக இருந்த என்னை வரவழைத்துக்கொண்டார். எந்த வேலையிலும் நான் நாலு மாதம் நிலைத்ததில்லை. டவுன்டவுன் உணவகம் ஒன்றில் தட்டு கழுவியபோது என் பக்கத்துத் தொட்டியில் வெஸ்லி என்று ஓர் அமெரிக்கப் பையன். வியட்நாம் போருக்கு ஆள் எடுக்கும் கடிதம் வந்ததும் எல்லை தாண்டி ஓடிவந்தவன். தட்டு தேய்த்துக்கொண்டே ஃபா, சோல், லா என்று பாடினான்.

"எங்க அண்ணன் ஷேவ் பண்ணும்போது இதைத்தான் கத்துவார்" என்றேன்.

"உன் அண்ணனா? அலபாமாவா, ஜார்ஜியாவா?"

"விழுப்புரம்."

அது எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று கேட்டான்.

அப்படிச் சேர்ந்ததுதான் அந்தக் கூட்டம். வெஸ்லியைப் போல ஊர் திரும்ப முடியாத ஏழெட்டுப் பேர். டவுன்டவுனில் ஒரு தேவாலயத்தின் நிலவறையைக் கொடுத்தார்கள். ஞாயிறு மதியம் பாட்டு. அண்ணா விபூதியோடு போய் கட்டைக் குரல்காரர்கள் பக்கம் உட்காருவார். அண்ணி பெரிய பாத்திரத்தில் எலுமிச்சம் சாதம் கொடுத்தனுப்புவார். நாற்காலி போடுவது நான்.

ஒரு வருஷம் வெஸ்லியின் தகப்பனார் இறந்துபோனார். ஊருக்குப் போனால் சிறை. அவன் நிலவறையின் நடுவில் நின்று தகப்பனாருக்காகப் பாட்டை நடத்தினான். திரும்பும்போது மெட்ரோவில் அண்ணா, "எனக்கு நீ நிக்கணும்டா" என்றார்.

"எனக்கு ரெண்டு வரி சேர்ந்தாப்ல பாட வராதே."

"கை ஆட்ட வருமில்ல? அது போதும்."

நான் சரி என்றேன். அப்போதே அவருக்கு இருமல் இருந்தது. நுரையீரலில் புற்று என்று தெரிந்தபோது எலும்புக்குப் போய்விட்டிருந்தது. கடைசி மூன்று மாதம் மருத்துவமனை. அந்தக் கட்டைக் குரல் காற்றாகிவிட்டது.

ஒரு மதியம் அவருக்குத் தெரியாமல் பாட்டுக்காரர்களை அழைத்து வந்தேன். சந்தோஷப்படுத்துகிறோம் என்று எண்ணி, எல்லோரையும் கட்டிலின் கால்மாட்டில் வரிசையாக அவரைப் பார்த்து நிறுத்தினேன். இத்தனை வருஷம் நாற்காலி போட்டவன் செய்த காரியம் அது. அண்ணா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"என்னடா இது, கச்சேரியா? நான் என்ன சபா செக்ரட்டரியா? கட்டிலை நடுவுல இழு."

செவிலி முதலில் முடியாது என்றார். பிறகு அவரே சக்கரத்தின் பிடியைத் தளர்த்திக் கட்டிலைத் தள்ளினார். நான்கு பக்கமும் நின்றார்கள். அண்ணா பாட்டுப் புத்தகத்தின் பக்க எண்ணைச் சொன்னார், கையை உயர்த்தினார். வடிவங்களை முழுதும் பாடினார்கள். அண்ணாவின் உதடும் அசைந்தது, கையும் விடாமல் ஏறி இறங்கியது. வார்த்தைக்குப் போக மூச்சு இழுத்தபோது இருமல் வந்தது, ரத்தம் வந்தது. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

"பாதியில நிக்குதுடா" என்றார் என்னிடம்.

"நாளைக்கு முடிச்சிடலாம்ணா."

விடிவதற்குள் போய்விட்டார்.

தகன மண்டபத்தில் சடங்குகள் குறைவில்லாமல் நடந்தன. கொள்ளிக்குப் பதில் ஒரு பொத்தான். அழுத்துவதற்கு முன்னால், ஒரே ஒரு பாட்டு, பாடுகிறவர்கள் வெளியே நிற்கிறார்கள் என்று அண்ணியின் தமையனாரிடம் கேட்டேன். நாம் எல்லோரும் டாக்டர் மாமா என்று அழைக்கும் அவர்தான் எல்லாவற்றையும் முன்னின்று நடத்தினார்.

"ஏசு பாட்டா? இங்கயா? அவர் ஆத்மா போற வழியில இதெல்லாம் வேண்டாம்பா. நாளைக்கு ஊர்ல என்ன சொல்லுவாங்க?"

"அவர் கேட்டது டாக்டர்."

"கேட்டாரா? எழுதி வெச்சிருக்காரா? பொத்தானை அழுத்து."

அழுத்தினேன். அவரை நான் குறை சொல்லவில்லை. தங்கை விதவையான நாளில் அவருக்குத் தெரிந்த ஒழுங்கை விடாமல் பிடித்துக்கொண்டார். வெளியே வந்தபோது பனியில் நின்றிருந்தவர்கள் போய்விட்டிருந்தார்கள். அண்ணி என் பக்கத்தில் வந்து, கோட்டுக்குள்ளிருந்து அண்ணாவின் பாட்டுப் புத்தகத்தை எடுத்து என் கையில் வைத்தார்.

"நீங்க போங்க தம்பி. வீட்ல நான் பாத்துக்கறேன்."

அந்தப் புத்தகத்தோடுதான் மலையிறங்கி நடந்தேன். நிலவறைக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆனது. எல்லோரும் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள், நான்கு பக்கமாக. அண்ணாவின் நாற்காலியில் யாரும் இல்லை. நடுவில் போய் நின்று அண்ணாவின் பெயரையும், மருத்துவமனையில் அவர் சொன்ன பக்க எண்ணையும் சொன்னேன். வெஸ்லி, "முதல்ல வடிவமா?" என்றான்.

"வடிவம் அவர் பாடிட்டார். வார்த்தை மட்டும்."

கையை உயர்த்தினேன். பாடத்தான் எனக்கு வராதே. கை மட்டும் ஏறி இறங்கியது. அவர்கள் கடைசி அடி வரை பாடி முடித்தார்கள். வழக்கப்படி யாரும் கை தட்டவில்லை.

காரில் ஏறாமல் போனவன் போன இடம் இதுதான். உங்களில் யாருக்காவது மனம் புண்பட்டிருந்தால் அது என்னோடு போகட்டும், அண்ணாவைச் சேர வேண்டாம். மூன்று மாதம் முறை வைத்து மருத்துவமனைக்குச் சாப்பாடு கொண்டுவந்த குடும்பங்களுக்கும், கட்டிலைத் தள்ளிய செவிலிக்கும், பனியில் காத்து நின்ற நண்பர்களுக்கும், சடங்குகளை ஒரு குறையுமில்லாமல் நடத்திய டாக்டர் மாமாவுக்கும் கைகூப்புகிறேன். அண்ணிக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அன்று மாலை நிலவறையிலேயே குளித்தேன். வழக்கம்போல ஊரை விட்டுக் கிளம்பி, மறுநாள் வான்கூவருக்குப் பஸ் ஏறுவதாக இருந்தேன். நாற்காலிகளை மடக்கும்போது பாதிரியார் வந்து, கட்டடத்தைச் சூடாக்கும் கொதிகலனைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுவிட்டார், பனி வாரவும் ஆள் இல்லை என்றார். மறுநாள் காலை ஆறு மணிக்கு அண்ணாவின் பூட்ஸைப் போட்டுக்கொண்டு மண்வெட்டியை எடுத்தேன். வாசற்படி, நடைபாதை, பிறகு கொதிகலன். ஞாயிற்றுக்கிழமைகளில் நிலவறையில் நாற்காலி போடுவதும் அந்த வேலையில் சேர்ந்தது, நான்கு பக்கமும், உள்நோக்கி.